நோகாத நோய்

திருக்கோணமலை நகரின் கடலோரத்திலே திருக்கடலூர் என்னும் மீனவர் குடியிருப்பு உண்டு. இரவிற் கடலுக்குச் சென்ற வள்ளங்கள் கரைசேர்ந்து, மீன் விலைப்பட்டு, வெயில் ஏறத் தொடங்கும் வேளையில் அக்கரையில் மற்றொரு வேலை ஆரம்பமாகும். வலைகள் மணலிலே விரிக்கப்படும். முதியவர்கள் நிழல் தேடி அமர்ந்து, வலையூசியும் நைலோன் நூலுமாக, கண் கண்ணாக அவற்றைத் தடவிப் பார்ப்பர். அன்றைக்கு மீன் நிறையப் பட்டிருப்பினும் இவ்வழக்கம் தவறுவதில்லை. அறுந்த கண்ணொன்றை அன்றே கட்டாதுவிட்டால் மறுநாள் அது ஐந்து கண்ணாகும் என்பது அவர்கள் அறிந்த கணக்கு.

அவர்களுள் ஒருவர் அறுபது வயதை அண்மியவர். அவருக்குப் பதினொரு ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. ஊர்வழக்கிற் சொல்வதாயின் 'சீனி வருத்தம்'. மாதந்தோறும் சிகிச்சை நிலையத்துக்குச் செல்கிறார். குளிசைகளை வாங்கி வருகிறார். கிளினிக் கொப்பியை மழையில் நனையாதவாறு பொலித்தீன் பையிலிட்டுச் சாமிப்படத்தின் அருகே வைத்திருக்கிறார். வலையின் ஒவ்வொரு கண்ணையும் தடவிப் பார்க்கும் இம்மனிதர், தம் உடலினுள்ளும் ஒரு வலை உண்டென்பதை அண்மைக்காலம் வரை அறிந்திருக்கவில்லை. அதனை அவர் அறிய நேர்ந்தது தம் தமக்கையாரின் மரணத்தினாலாகும்.

தமக்கையாருக்கும் அதே நோய் இருந்தது. அவருடைய முதற் கொப்பியை 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டுபோயிற்று. அடுத்த கொப்பி இடம்பெயர்ந்தோர் கொட்டிலில் இருந்த நாட்களிலே தொடங்கப்பட்டது. பின்னர் யுத்தம், இடப்பெயர்வு, மீள்குடியமர்வு என்று காலம் கழிந்தது. அக்கொப்பிகளிலே குருதியிலுள்ள சீனியின் அளவு வரிசையாக எழுதப்பட்டிருந்தது. குருதி அமுக்கம் எழுதப்பட்டிருந்தது. குளிசைகளின் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. கால் வீங்கி, முகம் ஊதி, உணவு கண்டால் ஓங்காளம் எடுக்கத் தொடங்கிய பின்னரே அவருடைய சிறுநீரகங்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. அப்பொழுது அவற்றின் தொழிற்பாட்டிற் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. வைத்தியர், அதுவரை உண்டுவந்த குளிசைகளுள் ஒன்றாகிய மெற்போமினை நிறுத்தினார். வாரத்துக்கு இருமுறை இயந்திரத்தினால் அவரது குருதி சுத்திகரிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் நிறைவுறுமுன் அவர் காலமானார்.

செத்தவீட்டுக்கு வந்தோர் பலரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "சீனிக் குளிசை குடிச்சுத்தான் அவட கிட்னி பழுதாப்போச்சு." அவ்வார்த்தை தம்பியின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. மறுமாதம் அவர் சிகிச்சை நிலையத்திற் குளிசைகளைப் பெற்றுக்கொண்டார், ஆனால் உண்ணவில்லை. மூன்று மாதங்கள் இவ்வாறு கழிந்தன.

செத்தவீட்டிற் சொல்லப்பட்ட அவ்வார்த்தை ஒரு குடும்பத்துக்கு மாத்திரம் உரியதன்று. தமிழ் பேசும் ஊர்களில் எங்கும் கேட்கக்கூடியது அது. அது உண்மையா என்பதையும், உண்மையில் எது தவறிப்போயிற்று என்பதையும் ஆராய்தல் பயனுடையது.

முதலிற் சிறுநீரகத்தின் அமைப்பை நோக்கவேண்டும். மனிதனின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் நுண்ணிய குருதிக் குழாய்கள் சுருண்டு ஒரு சிறு பந்துபோல் அமைந்துள்ளன. இதனைக் கலன்கோளம் என்பர். குருதி இதனூடாகச் செல்கையில் நீரும் உப்பும் கழிவுப்பொருள்களும் இதன் சுவரினூடே வடிகின்றன. நாளொன்றுக்கு வடியும் நீர் சுமார் 180 லீற்றர். அதிற் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட, ஒன்றிரண்டு லீற்றர் மாத்திரமே சிறுநீராக வெளியேறுகின்றது. குருதிக் கலங்களும் அல்புமின் முதலிய பெரிய புரதங்களும் இச்சுவரைக் கடவாது குருதியிலேயே தங்கிவிடவேண்டும். சிறியதைப் போகவிட்டுப் பெரியதைத் தாங்கிக்கொள்ளும் வலை என்று இதனைக் கூறுதல் பொருந்தும்.

நீரிழிவிலே இவ்வலைக்கு இரண்டு வகையில் ஊறு நேர்கின்றது. குருதியில் மிகுந்த சீனி, பல ஆண்டுகளாக அச்சுவரின் இழைகளிற் படிந்து அவற்றைத் தடிக்கச் செய்து, அதன் ஒழுங்கைக் கெடுக்கின்றது. அத்துடன் கலன்கோளத்தினுட் குருதியைக் கொண்டுவரும் குழாய் விரிந்துவிட, வெளியே கொண்டுசெல்லும் குழாய் ஒடுங்கியே இருப்பதால் உள்ளே அமுக்கம் உயர்கின்றது. பாரம் மிகுந்த வலையை இழுக்கும்பொழுது அதன் கண்கள் நெகிழ்வதைப் போன்றது இது. வியப்பு யாதெனில், இந்நிலையிற் சிறுநீரகம் வழக்கத்திலும் கூடுதலாக வடிக்கின்றது. நோயாளியோ நலமாகவே இருக்கின்றார். நோவு இல்லை, வீக்கம் இல்லை, சிறுநீரின் நிறமும் மாறுவதில்லை. நெகிழ்ந்த கண்களினூடே அல்புமின் மாத்திரம் சிறிது சிறிதாகக் கசியத் தொடங்குகின்றது.

இக்கசிவை மருத்துவ உலகம் கண்டுகொண்ட வரலாறு சுவையானது. இலண்டன் நகரின் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த றிச்சட் பிரைட் என்பார், 1827ஆம் ஆண்டிலே, உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுதிரிச் சுடரிற் சூடாக்கினால், முட்டையின் வெண்கரு உறைவதுபோல அதில் ஏதோ உறைவதை எடுத்துக்காட்டினார். அந்நோயாளர் இறந்தபின் அவர்களின் சிறுநீரகங்கள் பழுதுற்றிருப்பதையும் கண்டார். 1936இல் கிமெல்ஸ்ரீல், வில்சன் ஆகிய இருவரும் நீரிழிவு நோயாளரின் கலன்கோளங்களிற் காணப்படும் முடிச்சுப் போன்ற மாற்றங்களை விவரித்தனர். எனினும் இவையெல்லாம் காலங்கடந்தபின் கண்டவை. கரண்டியில் உறையுமளவுக்கு அல்புமின் வெளியேறும்பொழுது வலை பெரிதும் கிழிந்திருக்கும்.

சிறு கசிவை அளக்கும் முறை பின்னரே வந்தது. அதே கைஸ் வைத்தியசாலையில் ஹரி கீன் என்பாரும் அவர்தம் துணைவரும் 1963இல் மிகக் குறைந்த அளவு அல்புமினையும் அளக்கவல்ல முறையொன்றை வெளியிட்டனர். அம்முறையின் பயன் 1982இல் தெளிவாகியது. 1966, 1967ஆம் ஆண்டுகளிற் பரிசோதிக்கப்பட்ட, இன்சுலினைச் சார்ந்திருந்த நீரிழிவு நோயாளர் 63 பேரின் நிலையை 14 ஆண்டுகளின் பின் விபேற்றி முதலியோர் ஆராய்ந்தனர். தொடக்கத்திலே கசிவு குறைவாயிருந்த 55 பேரில் இருவருக்கே சிறுநீரக நோய் தோன்றியிருந்தது. கசிவு சற்று மிகுந்திருந்த எண்மரில் எழுவருக்கு அது தோன்றியிருந்தது. அந்த எண்மரும் பரிசோதனை நடந்த நாளில் எவ்விதக் குறையும் உணராதவர்களே. 1984இல் டென்மார்க்கைச் சேர்ந்த மொகென்சன், முதிர்ந்த வயதில் வரும் நீரிழிவிலும் இச்சிறு கசிவு பின்வரும் ஆபத்தை முன்னறிவிக்கின்றது என்று காட்டினார்.

நிற்க. இக்கசிவை இன்று அறிவது எவ்வாறு? காலையிற் கழிக்கும் முதற் சிறுநீரில் ஒரு சிறு போத்தலளவு போதும். அதிலுள்ள அல்புமினையும் கிரியேற்றினின் என்னும் கழிவுப்பொருளையும் அளந்து, இரண்டுக்குமுள்ள விகிதத்தைக் கணிப்பர். விகிதம் எதற்கெனின், வெயிலிலே நாள்முழுதும் கடலில் நின்று நீர் அருந்தாது திரும்பிய ஒருவரின் சிறுநீர் செறிவாயிருக்கும். நிறைய நீர் குடித்தவரின் சிறுநீர் ஐதாயிருக்கும். கிரியேற்றினினோடு ஒப்பிடும்பொழுது இவ்வேறுபாடு மறைந்துவிடும். கிரியேற்றினின் ஒரு கிராமுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் குறைவாயின் இயல்பு. 30 முதல் 300 வரையாயின் தொடக்கநிலைக் கசிவு. 300க்கு மேற்படின் முற்றிய கசிவு.

இங்கு இரண்டு தவறான நம்பிக்கைகளைக் குறிப்பிடல் வேண்டும். சிறுநீரிலே தோய்த்து நிறமாற்றம் பார்க்கும் சாதாரண தாள்கீற்றுப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் அமைதி கொள்வோர் பலர். அத்தாள் பெரும்பாலும் 300 என்ற அளவை அண்மிய பின்னரே நிறம் மாறும். தொடக்கநிலைக் கசிவு அதற்குப் புலப்படாது. அவ்வாறே குருதியிற் கிரியேற்றினின் இயல்பாயிருக்கின்றது என்பதாலும் மனந்தேறுதல் ஆகாது. சிறுநீரகத் தொழிற்பாட்டில் அரைவாசியளவு இழந்த பின்பும் அவ்வளவு இயல்பின் எல்லைக்குள்ளேயே நிற்றல் கூடும். ஆதலாற்றான் வயது, பால் என்பவற்றையும் சேர்த்து வடிகட்டல் வீதத்தைக் கணித்துப் பார்க்கின்றனர். அல்புமின் கசியாமலே வடிகட்டல் வீதம் குறைந்துபோகும் நீரிழிவு நோயாளரும் உளர். எனவே சிறுநீர், குருதி ஆகிய இரண்டு பரிசோதனைகளும் வேண்டப்படுகின்றன. இளமையில் வரும் முதலாம் வகை நீரிழிவில் நோய் அறியப்பட்டு ஐந்து ஆண்டுகளின் பின்னரும், இரண்டாம் வகையில் நோய் அறியப்பட்ட அன்றே தொடங்கியும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவற்றைச் செய்தல் வேண்டும். இரண்டாம் வகை எப்பொழுது தொடங்கியது என்பதை எவரும் அறியாராதலால் அதற்கு ஐந்தாண்டுத் தவணை இல்லை.

திருக்கடலூர்க் குடும்பத்தின் கதையில் திருப்பம் ஏற்பட்டது தமக்கையாரின் மகளால் ஆகும். அவர் ஒரு பாடசாலை ஆசிரியை. ஆண்டுத்திவசத்துக்கு முன்னர் ஒருநாள், தாயாரின் பழைய கொப்பிகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எத்தனையோ பக்கங்கள், எத்தனையோ இலக்கங்கள். மாமனாரை அழைத்துச் சொன்னார்: "மாமா, அம்மாட கொப்பியில சலத்தில அல்புமின் பாத்ததெண்டு ஒரு வரியும் இல்லை. உங்கட கொப்பியையும் ஒருக்காக் கொண்டு வாங்கோ பாப்பம்."

மாமனாரின் கொப்பியிலும் அவ்வரி இல்லை. குளிசைகளை நிறுத்திய செய்தியும் அன்றே வெளிப்பட்டது. மருமகள் கோபிக்கவில்லை. தாயாரின் கொப்பியில் மெற்போமின் நிறுத்தப்பட்ட நாளைச் சுட்டிக்காட்டினார். அதற்கு மூன்று வாரங்கள் முன்னர் எடுத்த குருதிப் பரிசோதனையிலேயே சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தமை எழுதப்பட்டிருந்தது.

ஊரார் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கின்றது என்பது இதனால் விளங்கும். மெற்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. அது சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் மிகவும் தளர்ந்த பின்னர் அது உடலிலே தேங்கித் தீங்கு செய்யுமாகையால், வைத்தியர் முதலில் அளவைக் குறைத்துப் பின் நிறுத்துகின்றனர். காண்போர் கண்ணுக்கோ, வைத்தியரே நிறுத்தினார், ஆகவே அதுதான் கெடுத்தது என்று தோன்றுகின்றது. விளைவு காரணமாகவும் காரணம் விளைவாகவும் மாறி விளங்கிக்கொள்ளப்படுகின்றது. அப்பிழையான விளக்கத்தினால் வீட்டிலுள்ள மற்றொருவர் குளிசையை நிறுத்துகின்றார், சீனி ஏறுகின்றது, அவருடைய சிறுநீரகமும் அதே வழியிற் செல்கின்றது. இவ்வாறு அந்நம்பிக்கை தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கின்றது. சிறுநீரகத்துக்கு உண்மையாகவே கேடு செய்யக்கூடிய குளிசைகள் இல்லாமலில்லை. உடல்நோவுக்கென்று கடையில் வாங்கி நாட்கணக்கில் உண்ணும் டைக்குளோபெனக், இப்யூபுறோபன் போன்றவை அவற்றுட் சில. அவற்றை எவரும் ஐயுறுவதில்லை. நோவைத் தீர்ப்பது நல்ல மருந்து என்பதே பொது எண்ணம்.

முன்கூட்டி அறிவதாற் பயன் என்ன என்ற வினாவும் எழுதல் இயல்பு. செய்வதற்கு ஒன்றுமில்லையெனின் அறிவது வெறுங் கவலையே. ஆனாற் செய்வதற்கு உண்டு. குருதிச் சீனியையும் குருதி அமுக்கத்தையும் கட்டுப்படுத்துவது முதன்மையானது. அதற்கு மேலாக, கலன்கோளத்திலிருந்து வெளியேறும் குழாயை விரித்து உள்ளமுக்கத்தைத் தணிக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய கப்றோபிறில், முதலாம் வகை நீரிழிவிலே சிறுநீரகச் சிதைவைத் தாமதப்படுத்துகின்றது என்பது 1993இல் நிறுவப்பட்டது. லொசாட்டன், இர்பெசாட்டன் ஆகியவை இரண்டாம் வகையில் அவ்வாறே பயன்படும் என்பது 2001இல் நிறுவப்பட்டது. சிறுநீர் வழியே சீனியை வெளியேற்றும் புதிய வகை மருந்துகளும் சிறுநீரகத்தைக் காக்கின்றன என்பதற்கு 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்று சான்றாயிற்று. இவற்றைத் தொடங்கியபின் குருதியிலுள்ள கிரியேற்றினினையும் பொற்றாசியத்தையும் மீண்டும் சோதித்தல் வேண்டும். எனவே வைத்தியரின் மேற்பார்வை இன்றியமையாதது. தொடக்கநிலையிலே கையாளின் கசிவு குறைதலும், சிலரில் இயல்புக்குத் திரும்புதலும் உண்டு. முற்றிய பின்னர் அந்த வாய்ப்பு அரிது.

திருக்கோணமலையைப் பொறுத்தவரை இவ்விடயத்துக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட நீரிழிவு, இதயநோய் பற்றிய பெரிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு உண்டென்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் தமக்கு நோயிருப்பதை அறியாதிருந்தனரென்றும் கண்டது. ஆனால் ஒன்பது மாகாணங்களில் ஏழிலேயே அவ்வாய்வு நடந்தது. யுத்தச் சூழ்நிலையினால் வடக்கும் கிழக்கும் அதில் இடம்பெறவில்லை. நாட்டின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகத்தைச் சூழ வாழும் மக்கள் அக்கணக்கிலே சேராதவர்கள். அக்காலத்திற் கிண்ணியாவிலிருந்து நகருக்கு வருவோர் படகுப் பாதையை நம்பியிருந்தனர். 2009இலேயே கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நோவாலே துடிப்பவரும் வைத்தியசாலை சேரத் தயங்கிய காலத்தில், நோகாத நோய்க்காகச் சிறுநீர்ப் போத்தலை ஏந்திக்கொண்டு எவர் வந்திருப்பர்?

மேலும் மாவட்டத்தின் வடமேற்கிலுள்ள பதவிசிறிபுர விவசாயப் பகுதியிலே மற்றொரு சிறுநீரக நோயும் காணப்படுகின்றது. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்டு, காரணம் முற்றாகத் துணியப்படாத நோய் அது. அதில் நீரிழிவு காரணமன்று. தொடக்கத்திலே சிறுநீரில் அல்புமின் கசிவதும் மிகக் குறைவு. ஆகவே ஒரே மாவட்டத்தில் இருவகைச் சிறுநீரக நோய்களும் உள்ளன. எது எதுவெனப் பிரித்தறிவதற்கும் அல்புமின் அளவு வைத்தியருக்கு ஒரு வழிகாட்டியாகின்றது.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டும் என்று கருதத் தேவையில்லை. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' என்னும் அமைப்பின் மூலம் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி இதற்குச் சான்று. சென்னைக்கு அணித்தான கிராமங்களில் வாழ்ந்த சுமார் 25,000 மக்களிடையே, பயிற்சிபெற்ற கிராமத்துப் பெண்கள் வீடு வீடாகச் சென்று சிறுநீரிற் புரதத்தையும் சீனியையும் எளிய இரசாயனங்களாற் சோதித்து, குருதி அமுக்கத்தையும் அளந்தனர். நோய் கண்டவர்களுக்கு விலைகுறைந்த மருந்துகளே கொடுக்கப்பட்டன. அவ்வெளிய சோதனை தொடக்கநிலைக் கசிவைக் காட்டாது என்பது உண்மையே. எனினும் நோயாளி தேடி வரும்வரை காத்திராது அவர் வாயிலுக்கே செல்லலாம் என்பதை அது காட்டிற்று. இலங்கையிலும் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் அமைக்கப்பட்டு, நலமாயிருப்போரின் சீனியும் அமுக்கமும் பார்க்கப்படுகின்றன. நலமாயிருக்கும்பொழுதே சோதித்தல் என்ற கருத்து இங்கு வேரூன்றத் தொடங்கிவிட்டது. சீனி கண்டவர் அனைவருக்கும் அல்புமின் பரிசோதனையும் ஆண்டுதோறும் தவறாது நடைபெறும்பொழுது அது நிறைவுபெறும்.

திருக்கடலூர் மீனவரின் முதற் பரிசோதனையில் விகிதம் 74 எனக் காணப்பட்டது. அவர் அஞ்சினார். ஆனால் ஒரே பரிசோதனையைக் கொண்டு முடிவுசெய்தல் ஆகாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முதல்நாட் கடும் உழைப்பு ஆகியவற்றாலும் கசிவு தற்காலிகமாகக் கூடலாம். மூன்று தொடக்கம் ஆறு மாதங்களுக்குள் மூன்று முறை சோதித்து, இருமுறையேனும் உயர்ந்திருந்தாலே நோயெனத் துணிவர். அவருடைய இரண்டாம் விகிதம் 26, மூன்றாவது 68. வைத்தியர் லொசாட்டன் குளிசையொன்றைச் சேர்த்தார்; கருவாட்டையும் உப்பையும் குறைக்கச் சொன்னார்; பழைய குளிசைகளை ஏன் நிறுத்தினீர் என்று வினவி, பொறுமையோடு விளக்கினார். தமக்கையாருக்கும் யாரேனும் இவ்வாறு சொல்லியிருந்தால் என்று அவர் அன்றிரவு மருமகளிடம் கூறினார். அதற்கு மருமகளிடம் மறுமொழி இருக்கவில்லை.

கடைசியாக எடுத்த விகிதம் 41. முற்றாகக் குணமாயிற்று என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. குளிசைகளை அவர் இப்பொழுது தவறாது உண்கின்றார்.

சென்ற முறை சிகிச்சை நிலையத்தின் வாங்கிலே அவர் காத்திருக்கையில், மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அருகே அமர்ந்திருந்தார். அவர் கையிலும் ஒரு கொப்பி.

"தங்கச்சி, சலம் சோதிச்சவையோ?" என்று மீனவர் கேட்டார்.

"எனக்கு அப்பிடி ஒரு வருத்தமும் இல்லையே அண்ணன்."

மீனவர் தம் கொப்பியைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்தார். 74 என்று எழுதப்பட்ட பக்கத்தைத் திறந்து, "எனக்கும் ஒரு வருத்தமும் இருக்கேல்லை" என்று சொல்லி அவ்வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.